திண்ணைக்கு வந்த சங்கீதம்

உத்தரமேரூர் என்ற பெயர் காதில் விழுந்த உடனே, சரித்திரப் பாடம் படித்தவர்கள் "ஓ! குடவோலை!" என்று சொல்லிவிட்டு மேலே நகர்ந்துவிடுவார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். கிராம சபைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று அவற்றில் விதித்திருக்கிற நிபந்தனைகள். இவற்றையெல்லாம் நாம் பள்ளிக்கூடத்தில் உருப்போட்டாகிவிட்டது. நான் சொல்லப் போவது அந்தச் சரித்திரம் அல்ல. அதே வட்டாரத்தில் ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு நடந்த சரித்திரம். இது கல்லில் வெட்டியதல்ல, அரக்கில் கீறியது.

காஞ்சிபுரத்திலிருந்து உத்தரமேரூருக்குப் போகிற பாதையில் மாகறல் என்ற ஊர் இருக்கிறது. சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். அதை அடுத்தாற்போல் செய்யாற்றுப் பக்கத்தில் இருப்பது காவாந்தண்டலம். தண்டலை என்றால் சோலை. தண்டலம் என்று முடிகிற ஊர்கள் தொண்டை நாட்டில் எத்தனையோ உண்டு. ஒரு காலத்தில் இவையெல்லாம் தோப்பும் துரவுமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்க மனசுக்குச் சுகமாக இருக்கிறது. என் அத்தையைக் கொடுத்திருந்த ஊர் அது. ஐம்பதுகளின் கடைசியில், கோடை விடுமுறை விட்டால் என்னை அங்கேதான் அனுப்புவார்கள்.

அந்த ஊரில் சபா கிடையாது. கச்சேரி கேட்க வேண்டுமானால் காஞ்சிபுரத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போக வேண்டும். போனவர்கள் ஆண்பிள்ளைகள். விடியற்காலம் திரும்பி வந்து, பல் துலக்கிக்கொண்டே, "என்ன தோடி! என்ன தோடி!" என்று தலையை ஆட்டுவார்கள். வீட்டுப் பெண்களுக்குக் கிடைத்தது அந்தத் தலையாட்டல் மட்டுந்தான். தோடி கிடைக்கவில்லை. அந்தத் தோடியை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து சேர்த்தது ஒரு பெட்டி. ஆனால் பெட்டியால் மட்டும் அது நடந்துவிடவில்லை. ஒரு வீட்டில் இருந்த நாலு தட்டை நாற்பது வீட்டுக்கும் பொதுவாக்கிய ஒரு வழக்கம் இருந்தது. கம்பெனிகளின் கதையை எழுதியவர்கள் உண்டு, வித்துவான்களின் கதையை எழுதியவர்கள் உண்டு. இந்த இரவல் வழக்கத்தின் கதையை மட்டும் யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

முதலில் பெட்டி வந்த வழியைப் பார்த்துவிடுவோம். 1877-ல் எடிசன் பேசும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அது உருளையில் பேசியது. பத்து வருஷம் கழித்து, 1887-ல், எமில் பெர்லினர் என்பவர் உருளையைத் தட்டையாக்கித் தட்டு ஆக்கினார். உருளையை ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும். தட்டையோ, அச்சு எடுத்துவிட்டால் அப்பம் சுடுகிற மாதிரி சுட்டுத் தள்ளலாம். வியாபாரம் அதில்தான் இருந்தது. 1902-ம் வருஷக் கடைசியில் பிரெட் கெய்ஸ்பர்க் என்ற நிபுணர் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து இறங்கி, கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார். அந்த அம்மாள் பாட்டு முடிந்ததும், தம் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்லி முடிப்பார். ஏன் தெரியுமா? பதிவு செய்த மூலம் கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்குப் போகும். அங்கே தட்டு அச்சடிக்கிறவனுக்கு இது யார் பாட்டு என்று தெரிய வேண்டாமா? ஹிந்துஸ்தானி ராகம் கேட்டு ஆளைக் கண்டுபிடிக்க ஜெர்மன்காரனால் முடியுமா?

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். தட்டுக்கு முக்கியமான சரக்கு அரக்கு. அரக்குப் பூச்சி நம் தேசத்துக் காட்டு மரங்களில், சோட்டா நாகபுரிப் பக்கத்தில், கோடிக் கணக்கில் இருக்கிறது. நம் அரக்கும் நம் குரலும் தனித் தனியாகக் கடல் தாண்டிப் போய், அங்கே ஒன்று சேர்ந்து, விலை வைத்துக்கொண்டு நம்மிடமே திரும்பி வந்தன! 1908-ல் கல்கத்தாவில் ஸீல்டாவில் தொழிற்சாலை வைத்த பிறகுதான் இந்தப் பிரயாணம் நின்றது.

மைக் வருவதற்கு முந்திய காலம் அது. பாடுகிறவர் ஒரு பெரிய கொம்பின் வாய்க்கு நேரே உட்கார்ந்து, அதற்குள்ளே தலையை விட்டுக்கொண்டு கத்தாத குறையாகப் பாட வேண்டும். தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துச் சொச்சம். பத்து அங்குலத் தட்டில் அதற்கு மேல் ஒரு மூச்சுக்குக்கூட இடம் கிடையாது. ஒரு மணி நேரம் ஆலாபனை செய்து பழகிய மகாவித்துவான்களுக்கு, கடிகாரத்தைக் காட்டி "ஆகட்டும், ஆகட்டும்" என்று ஒருவன் கை அசைத்தால் எப்படி இருக்கும்? பெரியவர்கள் பலர் "அந்தக் கொம்பு சகவாசமே வேண்டாம்" என்று விலகிக்கொண்டார்கள். தென்னாட்டில் முதலில் துணிந்தவர்களில் பலர் பெண்கள். சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள், காஞ்சிபுரம் தனகோடி அம்மாள். எல்லோரும் தேவதாசி மரபில் வந்தவர்கள். ஊர் அவர்களைப் பற்றி என்ன பேசினாலும், தமிழ்நாட்டு வீட்டுக் கூடங்களில் முதலில் ஒலித்த சாஸ்திரீய சங்கீதம் பெரும்பாலும் அவர்கள் குரல்தான். அக்கிரகாரத்துப் பெண்கள் அதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்கள்.

காஞ்சிபுரத்தில் இந்த விஷயம் விசித்திரமாக அமைந்தது. தனகோடி அம்மாளும் அவருடைய சகோதரி காமாட்சி அம்மாளும் சேர்ந்து பாடிப் பேர் பெற்றவர்கள். காமாட்சி அம்மாளின் மகன்தான் நாயனா பிள்ளை. 1889-ல் பிறந்தவர். லயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியக்காரர்கள் மேடை நிறைய உட்கார்ந்திருக்க, அத்தனை பேரையும் பல்லவியில் ஓட ஓட விரட்டுவார் என்பார்கள். "புல் பெஞ்ச்" கச்சேரி என்றே அதற்கு ஒரு பெயர். காஞ்சியில் தியாகராஜ உற்சவத்தை அவர் பெரிய அளவில் நடத்தினார். வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் சென்னையிலிருந்து வந்து அவரிடம் பாடம் கேட்டார்கள். 1934-ல் அவர் காலமானார். 1925-க்குப் பிறகு மின்சாரப் பதிவு வந்து, மைக் வந்து, கம்பெனிக்காரர்கள் வித்துவான்களின் வீட்டு வாசலில் காத்துக் கிடந்த காலம் அது. ஆனாலும் நாயனா பிள்ளையின் தட்டு ஒன்றுகூடக் கிடையாது!

தாயாரின் சகோதரி பாடிய தட்டு இருக்கிறது. சகோதரி மகன் பாடியது இல்லை. இதற்குக் காரணம் சொல்கிறவர்கள் பலவிதமாகச் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: மூன்று நிமிஷத்தில் முடிகிற சங்கீதம் அல்ல அவருடையது. ஒரு பல்லவியை மூன்று நிமிஷமாக நறுக்குவதைவிடப் பாடாமல் இருப்பதே மேல் என்று அந்த மனுஷர் நினைத்திருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்கு நாம் கொடுத்த விலை பெரியது. இன்று அவர் பாணியை சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை முதலான சிஷ்யர்கள் வழியாகத்தான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதே ஊரில், அவர் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டே பாடக் கற்றுக்கொண்ட ஒரு சிறுமி இருந்தாள். 1919-ல் பிறந்தவள். அண்ணன் தம்பிகளோடு போய்க் கேட்பாள். கேட்டதை வீட்டுக்கு வந்து எழுதி வைத்துக்கொண்டு பாடிப் பார்ப்பாள். தாமல் கிருஷ்ணஸ்வாமி தீட்சிதரின் மகள் பட்டம்மாள். அவளுடைய தாயார் நன்றாகப் பாடக் கூடியவர். ஆனால் உற்றார் உறவினர் மத்தியில்கூட வாய் திறந்து பாட அவருக்கு அனுமதி இல்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பெண் சிறு வயதிலேயே கொலம்பியா கம்பெனித் தட்டில் பாடினாள் என்றால், அது காஞ்சிபுரத்தில் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்! பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை அம்முக்குட்டி அம்மாள் தகப்பனாரிடம் விடாமல் பேசி இணங்கவைத்தார் என்று சொல்வார்கள். அந்த ஆசிரியைக்கு யாராவது எங்கேயாவது சிலை வைத்தால் நான் பத்து ரூபாய் நன்கொடை கொடுக்கத் தயார்.

என் அத்தைக்கும் பட்டம்மாளுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. அத்தையும் பிறந்தது பெரிய காஞ்சிபுரம். பாட்டும் வரும். கல்யாணமாகிக் காவாந்தண்டலத்துக்கு வந்தபோது அத்திம்பேர் ஒரு கிராமபோன் வாங்கிப் போட்டார். கொம்பு இல்லாத, மூடினால் கைப்பெட்டி மாதிரி தோன்றுகிற, கறுப்புத் துணி ஒட்டிய பெட்டி. நாய் மார்க். நாய்ப் படம் போட்ட சாமானைச் சுவாமி உள்ளுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று அத்தையின் மாமியார் கட்டளை. ஆகையால் அது ரேழியிலேயே வாசம் செய்தது. ஊர் செய்த பாக்கியம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். ரேழியிலிருந்து திண்ணைக்கு இரண்டே எட்டு.

சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அத்திம்பேர் பெட்டியைத் திண்ணைக்குக் கொண்டு வருவார். சாவி கொடுப்பது என் வேலை. ஒரேயடியாக முறுக்கினால் வில் அறுந்துவிடும். போதாமல் விட்டால் பாதிப் பாட்டில் பாகவதர் குரல் இறங்கி இறங்கி எருமை கனைப்பது போல் ஆகிவிடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசி மாற்ற வேண்டும். பழைய ஊசியை மறுபடி போட்டால் தட்டு தேய்ந்துபோகும். உள்ளேயிருந்து அத்தையின் குரல் வரும்: "ஏண்டா, ஊசியை மாத்தினியோ?" திண்ணையில் நடக்கிற சகல காரியத்தையும் அத்தை உள்ளேயிருந்தே நிர்வாகம் செய்வாள், திண்ணைக்கு மட்டும் வரமாட்டாள். அரியக்குடி, முசிரி, ஜி. என். பி., ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடி என்று தட்டுகள் ஒவ்வொன்றாகச் சுழலும். கிட்டப்பாவின் தட்டு வைத்தால் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். 1933-ல், இருபத்தெட்டு வயது நிரம்புவதற்கு முன்னால் போய்விட்ட மனிதர். எனக்கெல்லாம் அவர் அந்த அரக்குத் தட்டுக்குள்தான் இருந்தார். பட்டம்மாளின் தட்டு வந்தால் அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். ஒரு நாள் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது பார்த்தேன். அத்தை அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டை அசைத்து, சத்தமில்லாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தாள்.

இப்போது இரவல் வழக்கத்துக்கு வருகிறேன். அத்திம்பேருக்கு ஊசி வாங்கவே பணம் சரியாக இருந்தது. தட்டு என்பது மாதத்துக்கு ஒன்று வாங்கினாலே கைகடிக்கும். ஆகவே மேலண்டை வீட்டார் ஒன்று வாங்குவார்கள், கீழண்டை வீட்டார் வேறொன்று. அவர்கள் வீட்டில் பெட்டி இல்லாவிட்டாலும் தட்டு வாங்குவார்கள்! தட்டு அவர்களுடையது, பெட்டி எங்களுடையது, கேட்பவர்கள் எல்லோரும். பக்கத்து ஊர்களில் பெட்டி வைத்திருந்த உறவுக்காரர்களோடும் பரிமாற்றம் நடக்கும். வைக்கோலில் பொதிந்து, துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் போவார்கள். அரக்குத் தட்டு, கீழே விழுந்தால் அப்பளம். இரவல் கொடுப்பதற்குச் சட்டங்கள் உண்டு: ஊசி உங்களுடையது, வெயிலில் வைக்கக் கூடாது, நெளிந்துவிடும், குழந்தை கையில் கொடுக்கக் கூடாது. இந்தச் சட்டங்களை இயற்றியவள் அத்தை. ஒவ்வொரு தட்டின் பழுப்புக் காகித உறையிலும், கடையின் பெயர் அச்சடித்திருக்கிற இடத்துக்குக் கீழே, பென்சிலால் குறித்து வைப்பாள். "மேலண்டை வீடு, இரண்டு நாள்." "மாகறல், கீறலோடு வந்தது." உத்தரமேரூர்ச் சபையார்கூட இவ்வளவு கண்டிப்பாக எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

சீமையிலும் இதே கூத்துத்தான். 1923-ல் அங்கே "கிராமபோன்" என்ற பத்திரிகையையே ஒருவர் ஆரம்பித்தார். வீட்டில் தட்டு கேட்கிறவர்கள் ஒருவருக்கொருவர் "இதைக் கேளுங்கள், அதை வாங்காதீர்கள்" என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று. ஆரம்பித்த காம்ப்டன் மக்கென்ஸி ஒரு நாவலாசிரியர். எழுத வேண்டிய நாவலை எழுதாமல் தட்டு கேட்டுக்கொண்டிருக்க இப்படி ஒரு சாக்கு எனக்குத் தோன்றாமல் போயிற்றே!

திண்ணையைப் பற்றி இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் ஆகாது. திண்ணையில் உட்கார்ந்தவர்கள் ஒரு வகுப்பார். தெருவில் நின்றவர்கள் வேறு சிலர். தெருமுனைப் புளியமரத்தடியோடு நின்றுவிட்டவர்கள் இன்னும் சிலர். அவர்களில் ஒருவர் அத்திம்பேரின் நிலத்தில் ஏர் ஓட்டியவர். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி முடிந்த பிறகுதான் அவர் வீட்டுக்குத் திரும்புவார். "அந்த நாயனத்தை இன்னொருக்கா வைக்கச் சொல்லு, தம்பி" என்று ஒரு நாள் என்னிடம் சொல்லி அனுப்பினார். அத்திம்பேர் வைத்தார். ஆனால் அவரைத் திண்ணைக்குக் கூப்பிடவில்லை. பாட்டு தாண்டிய தூரத்தை மனுஷர்கள் தாண்டவில்லை.

அந்தத் தூரத்தை ஓரளவு உடைத்தது சங்கீத ரஸனை அல்ல, குழாய். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் எந்தத் தெரு என்று பார்க்காது. காலை நாலு மணிக்கு எல்லோரையும் சமமாக எழுப்பும். பஞ்சாயத்து ரேடியோவும் அப்படித்தான். அதன் கீழே யாரும் உட்காரலாம்.

பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அந்தக் காலத்தில் கம்பெனிகளுக்குள்ளும் நடந்தது. காரைக்குடி ஏ. வி. மெய்யப்பன் சினிமாவுக்கு வருவதற்கு முன்னால், கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்து, ஓடியன் தட்டு வியாபாரம் செய்தவர். பாரதியாரின் பாடல்களைத் தட்டில் பதிக்கிற உரிமை ஒரு நகை வியாபாரியிடம் இருந்தது. அதை அவர் வாங்கினார். "ஆடுவோமே" என்று ஊரே பாட நினைத்தாலும், தட்டில் பாட ஒருவர் அனுமதி வேண்டும்! 1947-ல் வந்த அவருடைய "நாம் இருவர்" படத்தில் பாரதி பாட்டுகளைப் பின்னணியில் பாடியவர் நம் காஞ்சிபுரத்துப் பட்டம்மாள். பாரதி எல்லோருக்கும் பொது என்ற கிளர்ச்சி எழுந்து, 1949-ல் சென்னை அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. காவாந்தண்டலத்துக்கு இந்த வழக்கு வியாஜ்யம் எதுவும் தெரியாது. அங்கே தட்டு வந்த அன்றைக்கே பாட்டு பொதுவாகிவிட்டது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பக்கத்தில் இருபது நிமிஷம் பாடுகிற நீளத் தட்டு வந்தது. 1963-ல் எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் வெங்கடேச சுப்ரபாதம் வந்து, தமிழ்நாட்டு விடியற்காலத்தையே பிடித்துக்கொண்டது. அப்புறம் காஸெட், அப்புறம் கைக்குள் அடங்குகிற டெலிபோன். பழைய அரக்குத் தட்டுகளை ஜனங்கள் பரணில் போட்டார்கள். பாத்திரக்காரனுக்குப் போட்டவர்களும் உண்டு. தாங்கள் வெளியிட்ட தட்டையே முழுசாகக் காப்பாற்றி வைக்கக் கம்பெனிகளுக்குச் சிரத்தை இருக்கவில்லை. காப்பாற்றியவர்கள் வீட்டு ரஸிகர்கள். சென்னையில் வி. ஏ. கே. ரங்கா ராவ் ஆயிரக் கணக்கில் சேர்த்தார். பம்பாயில் 1990-ல் தட்டுச் சேகரிப்பவர்கள் ஒரு சங்கமே அமைத்தார்கள். தனகோடி அம்மாளின் குரலை இன்று நாம் கேட்க முடிகிறது என்றால், யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் அந்தத் தட்டை வெயிலில் வைக்காமல் இருந்ததுதான் காரணம்.

அத்தை போய் வெகுநாளாகிறது. அவளுடைய பேத்தி காஞ்சிபுரத்தில் இருக்கிறாள். பெட்டி அவளிடம் இருக்கிறது, வில் அறுந்துவிட்டது. நாற்பதுக்கு மேல் இருந்த தட்டில் பதினொன்று பாக்கி. அவற்றை யாரிடமோ கொடுத்துப் புதுக் கருவியில் ஏற்றிக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றாக உறவுக்காரர்களுக்கெல்லாம் டெலிபோனில் அனுப்புகிறாள். அமெரிக்காவிலிருந்து ஒருவன், "கரகரவென்ற சத்தத்தை எடுத்துவிட முடியாதா?" என்று கேட்டிருந்தான். "முடியும், எடுக்கமாட்டேன்" என்று பதில் போட்டாளாம். பாட்டியின் பேத்திதான், சந்தேகமில்லை.

போன மாதம் அவள் எனக்கு உறைகளை எடுத்துக் காட்டினாள். பென்சில் எழுத்து மங்கியிருக்கிறது. ஆனாலும் படிக்க முடிகிறது. எந்த வீடு, எத்தனை நாள், கீறல் உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றிலும் ஐந்தாறு வரி. ஒரு உறையில் மட்டும் தட்டு இல்லை. மேலே "பட்டம்மாள்" என்று எழுதியிருக்கிறது. கடைசி வரியில், "புளியமரத்தடிக்காரர் வீட்டுக் கல்யாணம். குழாயில் போட. 1964 தை" என்று இருக்கிறது. திரும்பி வந்ததாகக் குறிப்பு இல்லை.